அதை ஏன் கேக்குறீங்க!

புலம்பலுக்குள் நுழையத் தமிழில் பல வாசல்கள் உண்டு. "என்னத்தச் சொல்ல", "எல்லாம் நம்ம நேரம்", "வயித்தெரிச்சல் போ" என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது "அதை ஏன் கேக்குறே?" நண்பர் கேட்டது என்னவோ "என்ன, ரெண்டு நாளா ஆளையே காணோம்?" என்கிற சாதாரண விசாரிப்புதான். பதில், கேட்காதே என்று தடுக்கிற தோரணையில் வருகிறது. தடுத்த வாய் அடுத்த கால் மணி நேரத்துக்கு மூடப்போவதில்லை. கேட்டவரும் "சரிப்பா, கேக்கலை" என்று எழுந்து போகமாட்டார். போனால் அன்றோடு சகவாசம் முறிந்துவிடும். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப்போட்டு, "ஏன், என்னாச்சு?" என்பார். மறுப்பை அழைப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

கம்பன் பாட்டுக்கு நயம் சொல்ல, திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு வட்டத்தொட்டியில் ஆள் கூடியது. பஸ் வரவில்லை, கரண்ட் போய்விட்டது, சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று நண்பர்கள் நாள்தோறும் பேசும் பேச்சுக்கு நயம் சொல்ல எந்தத் தொட்டியும் இல்லை. தினமும் கேட்கிறோம், டீ கிளாஸைக் கீழே வைத்ததும் மறந்துவிடுகிறோம். மறக்கிற அளவுக்கு அதில் வேலைப்பாடு குறைவா என்றால், இல்லை. எனக்கே இதில் ஒரு புலம்பல் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டீக்கடை பெஞ்சில் ஒரு நண்பர் சொன்ன கதை இது. அவர் வாய்மொழியிலேயே தருகிறேன்.

"டிக்கெட் பதினேழு ரூபா மாப்ள. கையில நூறு ரூபாத் தாள்தான் இருக்கு. நீட்டினேன். ஒரு பார்வை பார்த்தாரு பாரு கண்டக்டர்... அந்தப் பார்வைக்கு, மீதி எண்பத்து மூணையும் அவருக்கே குடுத்துட்டு இறங்கிரலாம்னு தோணுச்சு. டிக்கெட்டுக்குப் பின்னாடி 83-னு எழுதி ஒரு வட்டம் போட்டுக் குடுத்தாரு. இறங்கும்போது வாங்கிக்கன்னாரு. அடுத்த ஸ்டாப்புல ஜன்னல் சீட்டு காலியாச்சு மாப்ள. நல்ல காத்து. நான் போகலையே! அங்க உக்காந்தா அவரு கண்ணுல நான் படமாட்டேன், என் கண்ணுல அவரு படமாட்டாரு."

இந்த ஜன்னல் சீட்டில்தான் சொல்பவரின் கைத்திறன் இருக்கிறது. சாதாரண ஆள் "சில்லறை தரலை" என்று இரண்டு சொல்லில் முடித்திருப்பார். இவர், காற்று வருகிற சீட்டைக் கண்ணெதிரே விட்டுக்கொடுத்ததைச் சொல்கிறார். அரசுப் பேருந்தில் ஒருமுறையாவது டிக்கெட்டின் முதுகில் பாக்கி எழுதி வாங்கியவருக்கு மீதிக் கதை தானாகப் புரிந்துவிடும். அந்த மெல்லிய தாளை மடிக்காமல், வேர்வையில் நனையாமல், இரண்டு விரலுக்கு நடுவே உயர்த்திப் பிடித்திருக்க வேண்டும். வெளியில் எந்தக் கோயில் போகிறது, எந்தக் குளம் போகிறது என்று பார்க்க முடியாது. கூட்டம் ஏற ஏறக் கண்டக்டர் முன்வாசல் பக்கம் நகர்வார்; நாம் பின்வாசலில் நிற்போம். இறங்குமிடம் நெருங்கும்போது "சார், பாக்கி" என்று குரல் கொடுப்பதா, கொஞ்சம் பொறுப்பதா என்று மனசுக்குள் பெரிய விவாதமே நடக்கும். முன்கூட்டிக் கேட்டால் "தருவேன்ல, ஓடியா போயிருவேன்" என்பார். தாமதித்தால் விசில் ஊதிவிடுவார்.

நண்பருக்குக் கடைசியில் எண்பது வந்தது. மூன்று ரூபாய் வரவில்லை. "இதுல என்ன கொடுமைன்னா மாப்ள, அவர் பையில சில்லறை சத்தம் எனக்கு நல்லாக் கேட்டுச்சு" என்று முடித்தார். சொல்லி முடிப்பதற்குள், கேட்டுக்கொண்டிருந்த நான்கு பேருக்கும் டீ அவர் கணக்கில் போயிருந்தது. மூன்று ரூபாய் போன ஆத்திரத்தில் டீ வாங்கிக்கொடுக்கிறவரைக் கஞ்சன் என்று யார் சொல்வது?

இந்தக் கதைகளில் எல்லாம் ஒரு வீரப் பகுதி வரும். வங்கியிலோ தாலுகா ஆபீஸிலோ ரேஷன் கடையிலோ அலைக்கழிக்கப்பட்டவர், கதையின் முக்கால் பாகத்தில் குரலை உயர்த்துவார். "விட்டேனா நான்? நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன்." அந்த நாலு கேள்வியும் வரிசையாக, நிறுத்தி நிதானமாக, எதுகை மோனையோடுகூட வந்து விழும். இவ்வளவு கோவையாகக் கவுன்ட்டர் முன்னால் யாராலும் பேச முடியாது என்பது கேட்கிறவர்களுக்குத் தெரியும். பேசினாரோ இல்லையோ, வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டரில் உட்கார்ந்து யோசித்தவை அவை. அங்கே நடந்தது அநேகமாக "சரிங்க சார், நாளைக்கு வர்றேன்" மட்டும்தான். ஆனாலும் நண்பர்களில் ஒருவர்கூட "நெசமாவே கேட்டியா?" என்று கேட்பதில்லை. "அவன் என்ன சொன்னான்?" என்றுதான் கேட்பார்கள். "என்ன சொல்லுவான், முழிச்சான்" என்று பதில் வரும். கவுன்ட்டரில் கிடைக்காத வெற்றியை இப்படி டீக்கடையில் எல்லோருமாகச் சேர்ந்து அவருக்கு வாங்கிக்கொடுத்துவிடுகிறார்கள். நட்பில் இதைவிட நாசூக்கான உபகாரம் எனக்குத் தெரிந்து இல்லை.

எண்களும் அப்படித்தான். நாற்பது நிமிஷம் வரிசையில் நின்றது சொல்லும்போது மூன்று மணி நேரமாகும். இரண்டு முறை போன் போட்டது இருபது முறையாகும். யாரும் திருத்துவதில்லை. திருத்துகிறவர் மனைவியாக மட்டுமே இருக்க முடியும்.

கேட்பவரின் பங்கைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. வில்லுப்பாட்டில் பின்னால் இருப்பவர் "ஆமா" போடவில்லை என்றால் முன்னால் இருப்பவருக்குக் கதை நகராது; இங்கேயும் அதே கதைதான். "ம்" என்பது நான் இருக்கிறேன் என்று சொல்லும். "ச்சே" அநியாயத்தை ஒப்புக்கொள்ளும். "அடப்பாவி!" யாரைத் திட்டுகிறது என்று யாரும் ஆராய்வதில்லை, கண்டக்டருக்கும் பொருந்தும், கணினிக்கும் பொருந்தும், வெயிலுக்கும் பொருந்தும். இவற்றுக்கெல்லாம் மேலே "அப்புறம்?" என்று ஒன்று இருக்கிறது. கதை நடக்கும்போது அது ஓட்டும். கதை தீர்ந்துபோன பிறகும் அதுவே காப்பாற்றும். போனில் பேசிக்கொண்டிருப்போம், சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது. "அப்புறம்?" என்பார் அவர். "அப்புறம்... நீதான் சொல்லணும்" என்போம் நாம். "நம்மகிட்ட என்ன இருக்கு, வழக்கம்போலதான்" என்பார். இப்படி வெறுங்கையோடு மூன்று நான்கு அப்புறம் போன பிறகு, யாராவது ஒருவருக்குத் திடீரென்று நினைவு வரும்: "ஆங், சொல்ல மறந்துட்டேன் பாரு, மேல் வீட்டுக்காரன் ராத்திரி பதினோரு மணிக்கு மிக்ஸி போடுறான்." மறுபடி அரை மணி நேரம்.

பெண்கள் இதில் இன்னும் தேர்ந்தவர்கள். "அடுப்புல பால் வெச்சுட்டு வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கேட் அருகில் நின்று பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பால் என்ன ஆனது என்பது தனிப் புலம்பலாகச் சாயங்காலம் வரும். இப்போது கைபேசியில் குரலைப் பதிவுசெய்து அனுப்பும் வசதி வந்ததிலிருந்து இந்தக் கலைக்குப் பின்னணி இசையும் சேர்ந்திருக்கிறது. தோழி ஒருத்தி இன்னொருத்திக்கு அனுப்பிய பதிவு ஒன்றை எனக்கும் போட்டுக்காட்டினார்கள். "ஏன்க்கா, சிலிண்டர் எப்பவுமே விருந்தாளி வந்த அன்னிக்குப் பார்த்துத்தான் தீருமா? இரு, ரெண்டு... ரெண்டாவது விசில். எங்க விட்டேன்? ஆங், சிலிண்டர். போட்டு எட்டு நாளாச்சு, இன்னிக்கு வருது நாளைக்கு வருதுங்கறாங்க. வந்தவர் பில்லுக்கு மேல கேக்கறார். சண்டை போடலாம்னுதான் போனேன். மூணாவது மாடி அக்கா! மூச்சு வாங்க நின்னுட்டிருக்கார். சண்டை எங்க போடுறது, தண்ணி குடிங்கண்ணேன்னு சொம்பக் குடுத்துட்டு வந்தேன். மூணு! இரு, அடுப்ப நிறுத்திட்டு வர்றேன்."

கோபம் எப்படித் திரும்புகிறது பாருங்கள். வீட்டு சிலிண்டரில் வாயு மட்டும் 14.2 கிலோ, உருளையின் எடையும் சேர்ந்தால் ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு. லிஃப்ட் இல்லாத வீட்டில் அதைத் தோளில் வைத்து ஏறிவந்தவரிடம் பேரம் பேசுவது எப்படி என்று அவளுக்குத் தடுமாற்றம். புலம்ப ஆரம்பித்தபோது எதிராளியாக இருந்தவர், மூன்றாவது விசிலுக்குள் அண்ணனாகிவிட்டார். யாரையும் முழுசாக வில்லனாக்காமல் புலம்புவது எல்லோருக்கும் வருவதில்லை. நடுவில் விசில் எண்ணிக்கையும் தவறவில்லை. இது ஆண்களுக்குச் சத்தியமாக வராது.

வெயில் காலத்துப் பேச்சில் வேறொரு சுவை, போட்டி. மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிட்டால் நண்பர்களுக்குள் மாவட்ட வாரியாக மோதல் ஆரம்பமாகும். மதுரைக்காரர் "வெளியில கால் வைக்க முடியலை" என்பார். திருச்சிக்காரர் "உங்க ஊர்ல வைகைதான் வறண்டுது, எங்களுக்குக் காவேரி மணலே கொதிக்குது" என்பார். கடைசியாக வேலூர்க்காரர் வாய் திறப்பார். மற்றவர்கள் மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார்கள். நாகர்கோவில்காரர் மட்டும் "இங்க நேத்து சாயங்காலம் ஒரு மழை" என்று சொல்லி எல்லோருடைய சாபத்தையும் வாங்கிக்கொள்வார். கோயம்புத்தூர்க்காரரின் புலம்பல் தனி ரகம். "முன்ன மாதிரி இல்லீங்க, இப்பல்லாம் ராத்திரியில ஃபேன் போட வேண்டியிருக்குங்க." இதைக் குறை என்று நினைத்து ஆறுதல் சொல்லப்போகிறவர் ஏமாளி. முன்பு ஃபேன் இல்லாமலே தூங்கினோம் என்கிற பெருமை, குறைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது.

இப்படிச் சட்டை மாற்றி வருகிறவை நிறைய. "பையன் நேரங்கெட்ட நேரத்துல போன் பண்றான், அங்க அவனுக்குப் பகலு." "புது வண்டி எடுத்து என்ன, நிறுத்த இடமில்லை." "இந்த வருஷம் மாங்கா காய்ச்சுத் தள்ளிருச்சு, யாருக்குக் குடுக்கறதுன்னே தெரியலை." நல்ல நண்பர்கள் இரண்டையும் கேட்டுக்கொள்வார்கள்: பெருமைக்கு ஒரு புன்னகை, குறைக்கு ஒரு "ச்சே". மாங்காய்க்கு மட்டும் உடனே பையை நீட்டிவிடுவார்கள்.

கரண்ட் புலம்பலின் பொற்காலம் 2012. சென்னையில் நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று முறை வைத்துப் போனது. வெளி மாவட்டங்களில் பத்து மணி நேரத்தைத் தாண்டிய நாட்கள் உண்டு. சென்னை நண்பர் போனில் "ரெண்டு மணி நேரமா இல்லைடா" என்று தொடங்கினால், மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ ஒரே பதில்தான்: "போனை வை." ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து மோட்டார் போட்டவர்கள், கரண்ட் வந்த கொஞ்ச நேரத்துக்குள் கிரைண்டரை ஓடவிட்டு, பாதி அரைபட்ட உளுந்தோடு நின்றவர்கள் அவர்கள். அந்தக் காலத்தில் நான் கேட்டவற்றிலேயே உச்சம் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது. கடன் வாங்கி இன்வெர்ட்டர் வாங்கியிருந்தார். ஒரு மாதம் கழித்துச் சொன்னார்: "சார், இது சார்ஜ் ஏறணும்னா அதுக்கும் கரண்ட் வரணுமாமே!"

கரண்ட் போனவுடன் நம்மவர்கள் முதலில் செய்வதையும் கவனித்திருப்பீர்கள். மெழுகுவத்தி தேடுவது இரண்டாவது வேலை. முதலில் ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்ப்போம். அங்கேயும் இருட்டாக இருந்தால் "எல்லார் வீட்லயும் போயிருக்கு" என்று உள்ளே குரல் கொடுப்போம். அதில் ஒரு நிம்மதி தொனிக்கும். எதிர்வீட்டில் விளக்கு எரிந்தால்தான் பதற்றம். புலம்பலுக்குத் துணை வேண்டும். தனியாக ஒரே வீட்டில் ஃபியூஸ் போவது புலம்பக்கூடத் தகுதியில்லாத துரதிருஷ்டம்.

தண்ணீருக்கும் இதே கதைதான். சென்னைத் தெருவில் தண்ணீருக்காக அலையும் வாழ்க்கையை அசோகமித்திரன் 'தண்ணீர்' என்று ஒரு நாவலாகவே எழுதிவிட்டார். 2019 ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. நாடே செய்தியாகப் படித்த விஷயம். குடத்தோடு வரிசையில் நின்ற ஓர் அம்மாள் அதைப் பக்கத்தில் நின்றவரிடம் எப்படிச் சொன்னார் தெரியுமா? "இருநூறு கிலோமீட்டர் ரயில்ல வந்துருச்சாம். இந்த முக்குலேர்ந்து எங்க வீட்டுக்கு வர்றதுக்குத்தான் வழியில்லை." ஒரு மாநகரத்தின் நிர்வாகத்தையே குடத்துக்குள் அடக்கிவிட்ட வாக்கியம்.

இந்தப் பேச்சுக்கு அளவு உண்டு. அந்த அளவை யாரும் எழுதிவைக்கவில்லை. மீறினால் மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு அடையாறு பெருகி முடிச்சூரிலும் ஜாபர்கான்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, நண்பர்களுக்குள் சில்லறைப் புலம்பல் அடியோடு நின்றுபோனது. "பத்திரமா?" "பத்திரம்." அவ்வளவுதான் பேச்சு. தரைத்தள வீட்டில் பீரோ வரை தண்ணீர் ஏறிவிட்ட ஒருவர், பத்து நாளைக்கு "ம்", "பரவாயில்லை", "பார்த்துக்கலாம்" என்பதற்கு மேல் எதுவுமே சொல்லவில்லை. எங்களுக்கும் என்ன கேட்பது என்று தெரியவில்லை. பிறகு ஒருநாள் போன் வந்தது. "ஏம்பா, இந்தப் பெயின்ட் அடிக்கிறவன் மூணு நாளா வர்றேன் வர்றேங்கறான், அட்வான்ஸ் வேற வாங்கிட்டான்" என்று ஆரம்பித்தார். இருபது நிமிஷம் திட்டினார். சுண்ணாம்பு விலை, ஈர வாடை, கதவு ஊறி மூடாமல் போனது என்று ஒன்றையும் விடவில்லை. போனை வைத்துவிட்டு மற்ற நண்பர்களிடம் "ஆள் சரியாயிட்டாருப்பா" என்று சொன்னேன்.

இதன் மறுபக்கமும் உண்டு. வாரத்துக்கு நான்கு முறை ஏதாவது ஒன்றுக்கு அலுத்துக்கொள்கிற நண்பர், ஒருநாள் "எப்படி இருக்கே?" என்றதற்கு "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டார். பஸ்ஸைப் பற்றி ஒன்றுமில்லை, வெயிலைப் பற்றி ஒன்றுமில்லை. அன்று மாலையே இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போனார்கள். போனது நல்லதாகப் போயிற்று. என்ன விஷயம் என்பது இங்கே வேண்டாம். ஆனால் தினமும் சின்னக் குறைகளைச் சொல்லிக் காதைப் பழக்கியிருந்ததால்தான் அந்த ஒரு நாள் மௌனம் எங்களுக்குக் கேட்டது.

இவ்வளவு நயமுள்ள கலையைக் கெடுக்க இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர், "இதெல்லாம் ஒரு கஷ்டமா? எங்க காலத்துல..." என்று தொடங்குகிறவர். அவரை வயது கருதி மன்னித்துவிடலாம். அவருக்கும் சொல்ல ஒரு புலம்பல் இருக்கிறது, இடம் கிடைக்கவில்லை. மற்றவரை மன்னிக்க எனக்கு மனம் வருவதில்லை. அவர் தீர்வு சொல்கிறவர். "கரண்ட் இல்லையா? 1912-க்கு அடிக்க வேண்டியதுதானே?" "சில்லறை இல்லைன்னா ஜிபே பண்ண வேண்டியதுதானே?" "ஆப்ல கம்ப்ளெய்ன்ட் போட்டா ரெண்டே நாள்ல முடிஞ்சிருமே." எல்லாம் சரியான யோசனைகள். சொல்லி முடித்ததும் பெஞ்சில் பேச்சு செத்துவிடும். மூன்று ரூபாய்க் கதைக்காரர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு "சரி, வர்றேன்" என்று கிளம்பிவிடுவார். அந்த ஜன்னல் சீட்டுக் காற்று யாருக்கும் கிடைக்காமல் போகும்.

ஆகவே உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்கு நண்பர் ஒருவர் சிலிண்டர் வரவில்லை என்று ஆரம்பித்தால், ஏஜென்சி நம்பரைத் தேடிக் கைபேசியை எடுக்காதீர்கள். அந்த நம்பர் அவரிடமும் இருக்கிறது, காலையிலேயே கூப்பிட்டும் பார்த்திருப்பார். கடைசி வரை கேளுங்கள். நடுவில் அவர் மூச்சு விட நிறுத்தினால் ஓர் "அப்புறம்?" போடுங்கள்.